முதல் அழுகைப் பதிவு

குழந்தையின் முதல் அழுகையைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் பேச்சு தாமதமாகும் குழந்தைகளுக்கான அந்த ஆஸ்பத்திரிப் பயிற்சி மையத்தில் பதிவு நடக்கும். நவநீதன் அங்கே பதிவு உதவியாளர். காலை ஒன்பதரைக்கு மேசையைத் துடைத்துவிட்டு உட்காருவான். தாய்மார்கள் வரிசையாக வந்து பாத்திரங்களை வைப்பார்கள்.

பெரும்பாலும் மூடி போட்ட தூக்குப்போசி. சிலர் டிபன் டப்பா. ஒரு பெண் ஊறுகாய் பாட்டிலில் கொண்டுவந்தாள். அந்த அழுகையில் கொஞ்சம் காரம் ஏறியிருந்தது. மூடியைத் திறந்ததும் அழுகை ஒரு முறை கேட்கும். பிறகு தீர்ந்துவிடும். எத்தனை விநாடி என்று அவன் எழுதிக்கொள்வான்.

பிறந்ததும் அழாத குழந்தைகள் உண்டு. அவர்களின் அம்மாக்கள் காலிப் பாத்திரம் கொண்டுவருவார்கள். அதையும் திறந்து, காது கொடுத்து, காலிதான் என்று எழுத வேண்டும்.

"மூணு நாள் கழிச்சுத்தானுங்ணா அழுதான். அது அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ளயே நின்னு போச்சு."

"காலிப் போசி இருக்குதுங்களா?"

"இருக்குதுங்ணா."

"அது போதும்."

அப்பாக்கள் கொண்டுவந்தால் செல்லாது. குழந்தை அழும் நேரத்தில் அவர்கள் வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள் என்பது விதி. டீ குடிக்காதவர்களுக்கும் அதே விதி.

நவநீதனுக்கும் ஒரு மகள் இருந்தாள். சஷ்மிதா. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று வயதுக்குள் பதிந்துவிட்டால் மையத்தில் பயிற்சி கொடுப்பார்கள். அதற்கு மேல் எடுக்க மாட்டார்கள். நாளை அவளுக்கு மூன்று முடிகிறது.

அவளைப் பெற்ற அன்றே, அதே அறையில், அவன் மனைவி சுகுணா இறந்துபோனாள். செருப்பு, சீப்பு, குழந்தை ஆகியவற்றை அவனிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்கள். பாத்திரம் எதுவும் கொடுக்கவில்லை.

மேலாளர் ரெஜினா மேடத்திடம் மாதாமாதம் கேட்டுப் பார்த்தான்.

"அம்மா வந்தா பதிஞ்சுக்கலாம் நவநீதன்."

"அவ இறந்துட்டா மேடம்."

"தெரியுமே. மாலையோட வந்தேனே. அதுக்காக விதி மாறுமா?"

கடைசி நாளான இன்று அவன் மகளைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வந்தான். டோக்கன் எடுத்தான். நாற்பத்தொன்று.

டோக்கன் கூப்பிடுவது ஆயா பாப்பாத்தி அக்கா.

"நாப்பத்தொண்ணு! பதியறவரு எங்கீங்க?"

"நாந்தானுங்க்கா."

"பதியோணும்னு வந்தவரு?"

"அதுவும் நாந்தான்."

அக்கா மேலாளரைப் பார்த்தார். ரெஜினா மேடம் கொஞ்சம் யோசித்தார்.

"அந்தப் பக்கம் உக்காந்து கேளுங்க. எந்திரிச்சு இந்தப் பக்கம் வந்து பதில் சொல்லுங்க. ஓடக் கூடாது. புள்ளைங்க பயப்படும்."

அவன் அப்படியே செய்தான். குழந்தையின் பேர் என்ன என்று கேட்டான். எழுந்து, மேசையைச் சுற்றி நடந்து, உட்கார்ந்து, சஷ்மிதா என்றான். திரும்ப நடந்து எழுதிக்கொண்டான். வயது கேட்டான். நடந்தான். சொன்னான். பிறந்ததும் குழந்தை அழுததா என்று கேட்டான். சுற்றி வந்து உட்கார்ந்தான். அந்த நேரத்தில் அவன் வெளியே நின்றிருந்தான். எதிர் நாற்காலி காத்திருந்தது.

பாப்பாத்தி அக்கா குனிந்து காதில் சொன்னார். "ஏஞ்சாமி, வாங்காம உட்ட அழுகையெல்லாம் பிரசவ வார்டுலயே கெடக்குமுங். போயிக் கேட்டுப் பாருங்."

"மூணு வருசமா ஏங்க்கா சொல்லலை?"

"நீங்க கேக்கலீங்களே."

மையத்திலிருந்து பிரசவ வார்டுக்கு நாற்பது காலடி. அவன் மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தான். நானூறு காலடி நடந்த பிறகும் வார்டின் ஜன்னல் அதே தூரத்தில் இருந்தது. சுவரோரம் அப்பாக்கள் டீ கிளாசுடன் நின்றுகொண்டிருந்தார்கள். வெகு காலமாக நிற்கிறார்கள் என்பது மீசைகளைப் பார்த்தால் தெரிந்தது.

"என்ன கொழந்தைங்க?" என்றார் ஒருவர்.

"பொண்ணு."

"தாயும் சேயும் நல்லாருக்காங்களா?"

"சேய்."

"சரிங், சரிங்." அவர் ஒரு வாய் குடித்தார். பிறகு கொஞ்சம் நகர்ந்தார். "இது உங்க எடந்தானுங்க. வேற யாரையும் நிக்க உடலை."

சுவரில் அவன் முதுகு அளவுக்கு ஒரு கறை இருந்தது. அவன் அங்கே சாய்ந்து நின்றான். நின்றதும் நடைபாதை சுருங்கி, ஜன்னல் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது.

"பேரு?" என்றார் உள்ளே இருந்த நர்ஸ்.

"சுகுணா."

"அட்டை?"

"இல்லீங்க."

"செருப்பு?"

"வீட்டுல இருக்குது."

"என்ன சைசு?"

"ஆறு."

நர்ஸ் உள்ளே போய் ஒரு தூக்குப்போசியுடன் வந்தார். மூடி பஞ்சுத் துணியால் இறுக்கிக் கட்டியிருந்தது. பிளாஸ்திரியில் சுகுணா என்று எழுதியிருந்தது.

"இதுல ஒண்ணுதான் இருக்குது. அன்னைக்கு அம்மாவும் புள்ளையும் ஒரே நேரத்துல அழுதாங்க. தனித்தனியா புடிக்கறதுக்குள்ள வேலை வந்துருச்சு."

"பிரிக்க முடியாதுங்களா?"

"மாவு அரைச்சப்பறம் அரிசி வேற, உளுந்து வேறன்னு பிரிப்பீங்களா?"

அவன் இல்லை என்றான்.

"ஒரு தடவைதான் கேக்கும்."

"தெரியுமுங்க. எனக்கு அதேதான் வேலை."

திரும்பி வர நாற்பது காலடியே ஆனது. மணி நாலேகால். ரெஜினா மேடம் பிளாஸ்திரியைப் படித்துப் பார்த்தார். அவர் இரக்கமில்லாதவர் அல்ல. "பேர் ஒட்டியிருக்கு. அம்மாவே குடுத்ததா வெச்சுக்கலாம். தெறங்க."

நவநீதன் துணியை அவிழ்த்தான். மூடியின் மேல் கையை வைத்தான். திறந்தால் மகளுக்குப் பதிவு கிடைக்கும். திறந்தால் உள்ளே இருப்பது தீர்ந்துவிடும். உள்ளே சுகுணா இருக்கலாம். கை மூடியின் மேலேயே இருந்தது.

"என்னங் தம்பி, வெறும் மூடியத் தடவிட்டு இருக்கறீங்?" என்றார் அக்கா.

"வழுக்குதுங்க்கா."

திறந்தான்.

நாலு விநாடி. கூடம் முழுக்கக் கேட்டது. பிறகு போசி காலியாக இருந்தது.

அது சுகுணாவின் குரலா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவள் குரல் எப்படி இருக்கும் என்று யோசித்தான். அரிசி ஊற வெச்சீங்களா என்று போனில் கேட்பாள். வார்த்தைகள் நினைவிருந்தன. குரல் இல்லை.

அப்போது சஷ்மிதா திரும்பினாள்.

பிறந்ததிலிருந்து ஒரு சத்தத்துக்கும் திரும்பாதவள் தலையைத் திருப்பி, பீரோவுக்கு அருகே, நிற்கும் ஒரு பெண்ணின் முகம் இருக்கக்கூடிய உயரத்தில் பார்த்தாள். அங்கே பீரோவின் கைப்பிடி இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அம்மிணி திரும்பிருச்சு!" என்று பாப்பாத்தி அக்கா கை தட்டினார். வரிசையில் இருந்த தாய்மார்களும் தட்டினார்கள்.

ரெஜினா மேடம் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து எழுதினார். எழுதியதை வாசித்தும் காட்டினார். "சத்தத்துக்குத் திரும்புகிறாள். சேவை தேவையில்லை."

"மேடம், பேர் சொன்னா திரும்ப மாட்டா." அவன் கூப்பிட்டான். "சஷ்மி. சஷ்மிம்மா." அவள் போசியின் மூடியை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். திரும்பவில்லை. "பாருங்க."

"பாத்தேன். ஆனா ஒரு தடவை திரும்பினா திரும்பினதுதான்."

"வேற வழியே இல்லீங்களா?"

மேடம் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். "இருக்கு. அதே சத்தத்தை இன்னொரு தடவை போடுங்க. அப்ப திரும்பலைன்னா பதிஞ்சுக்கலாம். அஞ்சு மணி வரைக்கும் உக்காந்திருக்கேன்."

அவன் போசியைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தான். ஒன்றும் விழவில்லை.

"கேட்டவங்க யாராச்சும் செஞ்சு காட்டலாம்னு போட்டிருக்கு," என்றார் மேடம். "குடும்பத்துல ஒருத்தரா இருக்கணும். நீங்க கடைசியா எப்ப அழுதீங்க?"

"பொறந்தப்போன்னு எங்கம்மா சொல்லும்."

"அப்ப வரும். பண்ணுங்க."

அவன் எழுந்து நின்று முயன்றான். இருமல் வந்தது.

"இது இல்லை," என்றார் மேடம்.

"நெஞ்சுல இருந்து இல்லீங்ணா," என்றாள் வரிசையில் முதலில் இருந்த பெண். "அடிவயித்துல இருந்து வரோணும்."

"மூச்ச உள்ள இழுத்துட்டு ஆரம்பிங்ணா," என்றாள் இன்னொருத்தி. "எம்பையன் அப்படித்தான் அழுதான்."

"உன்ற பையன் காலிப் போசிதான புள்ள?" என்றார் பாப்பாத்தி அக்கா.

"ஆறு மாசத்துல அழுதானுங்க்கா. அதச் சொன்னேன்."

இரண்டாம் முறை ஆட்டுக்குட்டியின் சத்தம் வந்தது. மூன்றாம் முறை சத்தமே இல்லை, வாய் மட்டும் திறந்தது. மேடம் ஒவ்வொரு முறையும் தலையாட்டி மறுத்தார். இன்னும் கொஞ்சம் மேலே என்றார். இவ்வளவு மேலே வேண்டாம் என்றார். தாய்மார்கள் பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டு அருகில் வந்து நின்று, எங்கிருந்து எடுப்பது என்று வயிற்றைத் தொட்டுக் காட்டினார்கள்.

எட்டாம் முறை ஏதோ வந்தது. நாலு விநாடியில் அது நிற்கவில்லை. அவன் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். வாயை மூடினான். அது மூக்கு வழியாக வந்தது.

"நீட்டறீங்க நவநீதன். நாலு விநாடிதான்."

அவனால் நிறுத்த முடியவில்லை. பாப்பாத்தி அக்கா அவன் முதுகில் கை வைத்தார். மேடம் சரியாக இருபது விநாடிக்கு ஒருமுறை சஷ்மிதாவைப் பார்த்து எழுதிக்கொண்டார். அவள் மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். ஒரு முறையும் திரும்பவில்லை. சத்தம் வேறாக இருந்ததால் எதுவும் கணக்கில் சேர்த்தியில்லை.

ரெஜினா மேடம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஆறு நிமிஷம் இருக்கு. நிறுத்தாதீங்க."