ஒரு திருகு

முத்துத்தாய் இரண்டு கைகளையும் கம்ப்யூட்டர் பெட்டிக்கு அடியில் கொடுத்தபோது வளையல்கள் மேசை விளிம்பில் மோதிக் கலகலத்தன. நேற்றுத்தான் வளைகாப்பு. மணிக்கட்டிலிருந்து முழங்கைப் பக்கம் வரை சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள். திரைப்பெட்டியை ஏற்கெனவே நகர்த்திப் பக்கத்து மேசையில் வைத்திருந்தாள். சுவிட்சைப் போட்டாயிற்று. உள்ளே விசிறி ஓடியது, ஆனால் அவள் எதிர்பார்த்த இன்னொரு சத்தம் வரவில்லை. ஏழு மாத வயிற்றை ஒருபக்கமாக ஒதுக்கிக்கொண்டு, பெட்டியின் முன்புறத்தைத் தூக்கி, இறுகிப்போன ஊறுகாய் ஜாடி மூடியைத் திறப்பதுபோல வெடுக்கென்று ஒரு திருகு திருகினாள். ஒன்றுமில்லை. இன்னொரு திருகு. உள்ளே எதுவோ விடுபட்டு, மெல்லிய ரீங்காரத்துடன் சுழல ஆரம்பித்தது. முத்துத்தாய் மூச்சு விட்டாள். கீழே ராக்கம்மாள் வாசல் பெருக்கும் சத்தம் மட்டும் கேட்டது. அலுவலக ஆட்கள் வேறு யாரும் இன்னும் வரவில்லை.

பெட்டியை நேராக வைத்தபோதுதான் இடது கையில் ஒரு வளையல் உடைந்திருப்பதைப் பார்த்தாள். பச்சைத் துண்டுகள் விசைப்பலகை மேல் கிடந்தன. அவற்றைப் பொறுக்கும்போது அடிவயிற்றில் ஏதோ சுருக்கென்று இழுத்தது. நாற்காலியில் உட்கார்ந்து கையை வயிற்றின்மேல் வைத்தாள். வழக்கமாக இந்த அறைக்குள் வந்து ஏசிக் குளிர் பட்டதும் பிள்ளை ஒரு புரளு புரளும். ‘இதுக்கும் ஆபீஸ் நேரம் தெரியுது’ என்று தனக்குள் சிரித்துக்கொள்வாள். இன்று அது சும்மா இருந்தது.

நூல் மில்லின் தல்லாகுளம் அலுவலகத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்து இரண்டு வருஷம் ஆகிறது. வந்த அன்று தேங்காய் உடைத்து, சந்தனம் தடவி, அதற்கென்று ஒரு கண்ணாடி அறையும் கட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்ற வேண்டும். மேனேஜர் கைலாசநாதன்கூடத் தன் ஷூவைக் கழற்றிவிட்டு, ஓட்டை விழுந்த காலுறையோடு வந்து நிற்பார். மில்லில் வேலை செய்யும் அத்தனை பேருடைய சம்பளக் கணக்கும் அதற்குள்தான். முதலில் அதை இயக்கியவர் பசுபதி. ஒருநாள் பிரிண்டர் புகைந்துபோனது. யார் தப்பு என்று தெரியாது. பக்கத்தில் இருந்தவர் பசுபதி. அந்த மாதக் கடைசியில் அவரை அனுப்பிவிட்டு, ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு முடித்திருந்த முத்துத்தாயை எடுத்தார்கள், அதுவும் தற்காலிகமாக.

ஆடி மாதம் ஒரு காலையில் இயந்திரம் எழும்பவில்லை. சென்னையிலிருந்து சிவசங்கரன் என்ற என்ஜினீயர் வந்தார். பெட்டியைத் தூக்கி ஒரு திருகு திருகியதும் அது உயிர் பெற்றது. “உள்ள ஒரு தட்டு சுத்துதும்மா. நின்னா ஒட்டிக்கிது. அதனால அணைக்காதீங்க. திரை உறைஞ்சுபோச்சுன்னா மூணு பட்டனை சேத்து அமுக்கி மறுபடி தொடங்குங்க, அப்ப தட்டு நிக்காது. ராத்திரியும் ஓடட்டும்” என்று அவளிடம் காதோடு சொன்னவர், ரிப்போர்ட்டில் ‘இயந்திரம் நன்றாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு ரயிலேறிவிட்டார். மாற்றித் தர வேண்டியது அவருடைய கம்பெனி அல்லவா!

அவள் அணைக்காமல் விட்டுப் பார்த்தாள். இரண்டாம் நாளே கைலாசநாதன் கண்டுபிடித்துவிட்டார். சாயங்காலம் ஒவ்வொரு அறையாகப் போய் சுவிட்சுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் வீட்டுக்குப் போவார். அவருக்கு அது சந்தியாவந்தனம் மாதிரி. “விடிய விடிய எரிய இது என்ன கோயில் வாடா விளக்கா? ஓடிக்கிட்டே இருந்தா சூடேறித் தீப்பிடிக்கும். தினம் அணைச்சிட்டுப் போகணும், புரியுதா?” என்றார். என்ஜினீயர் சொன்னதைச் சொல்ல வாயெடுத்தாள். ரிப்போர்ட்டில் இல்லாத கோளாறை எப்படிச் சொல்வது? யார் கையில் கெட்டது என்று கேட்டால்? பசுபதியின் காலி நாற்காலியில்தானே அவள் உட்கார்ந்திருந்தாள். சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்று ஆகிவிட்டது. அன்றிலிருந்து சாயங்காலம் அவர் சொன்னபடி அணைத்தாள். காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து திருகினாள். முன்பு ஒரு கரு மூன்றாம் மாதமே கலைந்தவள் அவள். கனம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா விரலை ஆட்டிச் சொல்லியிருந்தார். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். முத்துத்தாய்க்கு இரண்டு விதத்திலும் கனம்.

வளைகாப்பு முடிந்த கையோடு அவளைத் தாய்வீட்டுக்கு, சோழவந்தானுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். நாளை சம்பள நாள், பட்டியலை அடித்துக் கொடுத்துவிட்டு வருகிறேன் என்று ஒரு நாள் கெஞ்சி வாங்கியிருந்தாள். அம்மா சீனியம்மாளுக்கு அதில் நம்பிக்கையில்லை. துணிப்பையோடு பின்னாலேயே வந்து அலுவலகக் கீழ்த்தளத்துப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஒன்பது மணிக்கு ஜானு வந்தாள். நாளையிலிருந்து இவளுக்குப் பதிலாக வேலை பார்க்கப் போகிறவள், டைப்பிஸ்டாக இருந்தவள், ஒரு வாரமாகக் கூடவே இருந்து கற்றுக்கொள்கிறாள். அவள் வரும்போதெல்லாம் திரை ஒளிர்ந்துகொண்டிருக்கும். ஓடுகிற இயந்திரத்தை மட்டுமே பார்த்தவள்.

“கையில ரத்தம்க்கா.”

“வளையல் கீறிருச்சு. நீ உக்காரு, கோன் பிரிவு சம்பளத்துல இருந்து ஆரம்பி.”

பிரிண்டர் கரகரவென்று அடிக்கத் தொடங்கியது. முத்துத்தாய் பேர்களைச் சரிபார்த்தாள். ஒரு கை காகிதத்தில், ஒரு கை வயிற்றில். ஒரு பக்கம் முடிந்தது, அசைவில்லை. இன்னொரு பக்கம் முடிந்தது. தூங்குகிறது போல, தூங்கட்டும் என்று சொல்லிக்கொண்டாள். பிறகு, இவ்வளவு நேரமா தூங்கும் என்று கேட்டுக்கொண்டாள். ஒருமுறை ஏதோ அசைந்தது போலிருந்தது. பிரிண்டரின் அதிர்வுதான், மேசையில் சாய்ந்திருந்ததால் வந்தது. எழுந்து தள்ளி நின்று பார்த்தாள். ஒன்றுமில்லை.

மத்தியானம் கீழே போனபோது அம்மா தூக்குச்சட்டியைத் திறந்து வைத்திருந்தாள்.

“ஏத்தா, மூஞ்சி ஏன் வெளிறிக் கெடக்கு? பிள்ளை அசையுதா?”

“அசையுதும்மா.”

“எம்புட்டு நேரம் இன்னும்?”

“முடிஞ்சிரும். சாயங்காலம் போயிரலாம்.”

பொய் சொன்ன வாய்க்குச் சோறு இறங்கவில்லை. இனிப்புத் தின்றால் பிள்ளை துள்ளும் என்று யாரோ சொன்னது நினைவு வந்து, அம்மா பையிலிருந்த கடலை மிட்டாயை எடுத்துத் தின்றுவிட்டு, பெஞ்சில் இடப்பக்கமாகச் சாய்ந்து கண்ணை மூடிக் காத்திருந்தாள். ஒன்றும் அசையவில்லை. இப்போதே எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம். போனால், இன்று காலையில் என்ன தூக்கினாய் என்று கேட்பார்கள். அம்மா பக்கத்தில் நிற்பாள். இன்னும் கொஞ்ச நேரம் பார்ப்போம் என்று மேலே வந்துவிட்டாள். அப்படி வந்ததற்காகத் தன்னையே அறைய வேண்டும்போல் இருந்தது.

இன்னும் இரண்டு பிரிவுகள் பாக்கியிருக்கும்போது ஜானு கேட்டாள்.

“அக்கா, ஒரு சந்தேகம். சாயங்காலம் இதை தினம் அணைச்சுட்டுத்தான் போகணுமா, இல்ல அப்படியே விட்டுட்டுப் போலாமா? நீங்க காலையில எனக்கு முன்னாடியே வந்துடறீங்க, போட்டுப் பாத்ததே இல்ல நான்.”

முத்துத்தாய் அவள் கைகளைப் பார்த்தாள். பென்சில் மாதிரி மணிக்கட்டு. இப்போது சொல்லாவிட்டால் எப்போது? “ஜானு, கதவைச் சாத்திட்டு வா. ஒண்ணு சொல்லணும்” என்று ஆரம்பித்தாள். ஜானு எழுந்தாள். அந்த நேரம் பார்த்து மின்சாரம் போனது.

ஏசி பெருமூச்சு விட்டு அடங்கியது. மூலையிலிருந்த பேட்டரிப் பெட்டி கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது. கம்ப்யூட்டரை அது கொஞ்ச நேரம்தான் தாங்கும். முத்துத்தாய் மின்சாரம் வந்துவிடும் வந்துவிடும் என்று ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தாள். எதிர்க்கடை விளக்கும் எரியவில்லை. கத்தல் இடைவிடாத கத்தலானபோது, வேறு வழியில்லாமல் முறையாக மூடி அணைத்தாள். தட்டு சுழன்று சுழன்று நின்றதை அவள் காது கேட்டது.

விளக்குகள் திரும்ப எரிந்தபோது கைலாசநாதன் காலுறையோடு வந்து நின்றார்.

“போடும்மா. பட்டியலை வாங்க மில்லுல இருந்து வண்டி வந்திருச்சு.”

அவள் கை தன் போக்கில் திரைப்பெட்டியை நகர்த்தப் போனது. பாதியில் நின்றது.

“சார், நான் போட மாட்டேன்.”

“என்னது?”

“சுவிட்சைப் போட்டா மட்டும் வராது சார். தூக்கித் திருகணும். தினம் நான்தான் திருகுறேன்.” ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. என்ஜினீயர் சொன்னது, அணைக்கக் கூடாது என்றது, எல்லாவற்றையும் கொட்டினாள். “இன்னிக்குக் காலையில தூக்கினதுல இருந்து என் பிள்ளை அசையலை சார்.”

ஜானு வாயில் கை வைத்துக்கொண்டாள். கைலாசநாதன் முகத்தில் கோபம் வருவதா வேண்டாமா என்று தயங்கியது தெரிந்தது.

“ஏம்மா எங்கிட்ட சொல்லலை?”

“பசுபதி சாரை என்ன செஞ்சீங்கன்னு பாத்தேன்ல சார்.”

கைலாசநாதன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, “ஜானு, அந்தப் பக்கம் பிடி” என்றார். சுவிட்சைப் போட்டு இருவரும் பெட்டியைத் தூக்கினார்கள். அவர் ஒருபக்கம் திருப்ப, ஜானு வேறுபக்கம் இழுத்தாள். விசிறி மட்டும் ஓடியது. அணைத்துவிட்டு மறுபடி முயன்றார்கள். அவர் தனியாகவும் முயன்றார். வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. கடைசியில் அவர் நிமிர்ந்து முத்துத்தாயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அதிகாரம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

“உன் கைக்குத்தான் கட்டுப்படுது போல. ஒரே ஒரு தடவை வாம்மா. நாங்க தூக்கிப் பிடிச்சுக்கிறோம், நீ திருகு மட்டும் போடு. நாளைக்கு எத்தனை வீட்டுல உலை வைக்கணும், யோசிச்சுப் பாரு.”

அவள் ஓரடி எடுத்தும் வைத்துவிட்டாள். கைகள் உயர்ந்தன, வளையல்கள் சரிந்து குலுங்கின. இடது கையில் காலையில் கீறிய இடம் காய்ந்து கறுத்திருந்தது.

“கையால எழுதிக்கங்க சார். இது வாரதுக்கு முன்னாடி எழுதுனதுதான” என்றாள். “நான் போறேன். அம்மா கீழ இருக்கு. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் கைலாசநாதனின் ஷூவுக்கும் ஜானுவின் செருப்புக்கும் நடுவில் அவளுடைய செருப்பு கிடக்க வேண்டும். குனிய முடியாது, குனிந்தாலும் வயிற்றுக்கு அந்தப்பக்கம் தரை தெரியாது. ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு வலது காலால் துழாவினாள். உள்ளே சுவிட்சைப் போடுகிற சத்தம் கேட்டது. பிறகு அணைக்கிற சத்தம். பிறகு மறுபடியும் போடுகிற சத்தம். “முத்துத்தாய்!” என்று கைலாசநாதனின் குரல் கூப்பிட்டது.

அப்போது விலாவுக்குக் கீழே, உள்ளேயிருந்து, ஒரு குட்டிக் கால் ஓங்கி உதைத்தது. அவள் அப்படியே நின்றாள். இன்னொரு உதை. கண்ணீர் தாடை வழியாக இறங்கி வளையல்கள்மேல் விழுந்தது. துடைக்கவில்லை. உள்ளே சுவிட்சு மறுபடியும் டக்கென்றது. அவள் கால்விரல்கள் தரையில் நகர்ந்து நகர்ந்து ஒரு செருப்பின் வாரைத் தொட்டன. தன்னுடையதுதானா என்று மெல்ல நுழைத்துப் பார்த்தன.