சாம்பிள் தண்ணீர்

மணலி புதுநகரைத் தாண்டி எண்ணூர் போகும் வழியில் இருக்கிற அந்தச் சாயக் கம்பெனியில், என்ஜினீயர் ஐரீனுக்கு ஒரே வேலைதான் கொடுத்திருந்தார்கள். கழிவுநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்க ஒரு எந்திரத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வேலை என்றுதான் பேர், மாசக்கணக்காக உயிரை வாங்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வகை இருந்தன. ஒன்றில், செங்குத்தான குழாய்களின் உட்சுவரில் நீர் மெல்லிசாக வழிந்து இறங்கும். வெளியே நீராவி சூடேற்றும். விலை குறைவு, ஆனால் தெளிந்த தண்ணீருக்குத்தான் சரிப்படும். மற்றதில் பெரிய பம்பு நீரை வேகமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். சேறு குழாயில் ஒட்டாது, ஆனால் கரண்ட்டைக் குடிக்கும்.

ஐரீன் இரண்டாவதைத்தான் கேட்டாள். பழைய எந்திரம் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம் ஆறியும் ஆறாத குழாய்களுக்குள் ஆட்கள் கம்பியை விட்டுக் குத்தினார்கள். போன ஆடியில் ஒருவனுக்கு முழங்கைவரை தோல் உரிந்துபோனது. இன்னொரு கை வேகக்கூடாது, அவ்வளவுதான் அவள் பிடிவாதம்.

லேப் அறிக்கையோ ஒவ்வொரு தடவையும் அவள் காலை வாரிவிட்டது. தண்ணீர் தெளிவு, சேறு இல்லை. மேனேஜர் செல்வநாதன் அந்தத் தாளைத் தட்டிக் காட்டி, மலிவானதே போதும் என்பார். கண்ணெதிரே குழாய் அடைக்கிறது, காகிதத்தில் மட்டும் பன்னீர் ஓடுகிறது. எரிச்சல் தாங்காமல், ஆர்டர் போடவேண்டிய அன்று காலை ஐரீன் தானே பாட்டிலோடு தொட்டிக்குப் போனாள்.

அடியிலிருந்து மொண்டபோது கூழாட்டம் கறுப்பாக வந்தது. மூத்த ஆபரேட்டர் டில்லிபாபு பதறி ஓடிவந்தார்.

"மேடம், சாம்பிள்னா இத்த குடுக்கக் கூடாது. முன்னாடியே தெளிய வுட்டு, மேலாப்ல மொண்டு குடுப்போம். கலீஜ் தண்ணியக் குடுத்தா கம்பெனி பேரு இன்னாவுறது?"

யார் பாட்டிலை நீட்டினாலும் அங்கே அதுதான் வழக்கம். சோதனைக்கு வரும் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிக்குக் காட்டுவது ஒன்று, எந்திரம் வாங்கக் கொடுக்கவேண்டியது வேறு என்று யாருக்கும் தோன்றவில்லை. தனக்கும் கேட்கத் தோன்றவில்லையே என்று நினைக்கையில் ஐரீனுக்குத் தன்னையே நாலு அறை விடலாம் போலிருந்தது.

பாட்டிலைக் கொண்டுபோய்ச் செல்வநாதன் மேசையில் வைத்தாள். அவர் கெட்டவர் இல்லை. ராயபுரம் சர்ச்சில் ஞாயிறுதோறும் அவளைப் பார்த்தால் அப்பாவை விசாரிக்கிற மனிதர். பாட்டிலைச் சாய்த்துப் பார்த்தார்.

"இதுதான் நம்ம தண்ணின்னு எழுத்துல குடுத்தா, இத்தினி வருசமா அதிகாரிங்களுக்குக் காட்டுனது யார் வூட்டுத் தண்ணின்னு கேப்பாங்கம்மா."

ஐரீன் கெஞ்சினாள், கத்தினாள், கடைசியில் கையெழுத்துப் போட முடியாது என்றாள். அவர் கோபப்படவில்லை. கொள்முதல் பிரிவு டெரிக்கைக் கூப்பிட்டார். அவன் வந்து, உட்காரக்கூடச் செய்யாமல், மலிவான எந்திரத்துக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான்.

தொட்டிப் பக்கம் திரும்பி வந்து டில்லிபாபுவிடம் விஷயத்தைச் சொல்லும்போது அவளுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. ஆத்திரமா, அவமானமா, அவளுக்கே தெரியவில்லை. அவர் அவளைத் தேற்றினார்.

"இதுக்கா அழுவுறீங்க? அடைச்சா நாங்க கீறோம்ல, குத்தி எடுத்துருவோம். புது மிஷின் ஒசரம் ஜாஸ்தின்றாங்கோ. கம்பிய மட்டும் நீட்டமா வாங்கித் தரச் சொல்லுங்க."

எவ்வளவு நீளம் வேண்டும் என்று ஐரீனே கணக்குப் போட்டுச் சொன்னாள்.