அலமாரியை மறைத்த பாய்

பழவேற்காடு ஏரியை ஒட்டிய ஒரு குப்பத்தின் பால்வாடியில் ஜமுனா டீச்சராக இருந்தாள். பிள்ளைகளை வரிசையாக உட்காரவைத்து ஒப்பிக்கச் சொல்வது அவளுக்குப் பிடிக்காது. ஏரி மாறுகிறபடி அவள் பாடமும் மாறும். மழையில் ஏரி ததும்பும்போது பனையோலைப் படகு விடுவார்கள். எத்தனை கிளிஞ்சல் ஏற்றினால் படகு முழுகும் என்று ஒவ்வொன்றாக வைத்து எண்ணுவார்கள். பூநாரைகள் வந்து இறங்கும் தை மாதத்தில் ஒற்றைக்காலில் நிற்கும் போட்டி. கோடையில் தண்ணீர் வடிந்து சேறு தெரிந்தால் நண்டு மாதிரி பக்கவாட்டில் நடை. பால்வாடி அலமாரி நிறைய மரக்கட்டைகளும் பொம்மைகளும் இருந்தன. மதியச் சோற்றுக்குப் பிறகு அவையும் கீழே இறங்கும்.

இதைக் கேள்விப்பட்டு நிவேதா சென்னையிலிருந்து வந்தாள். குழந்தைகளுக்காக நடக்கும் ஏதோ ஓர் அமைப்பில் வேலை.

"நீங்க பண்றத படம் எடுத்து மத்த டீச்சர்ங்களுக்குக் காட்டணும்க்கா. அவங்களும் கத்துக்கட்டும்" என்றாள்.

மழைக்கு வந்தாள், பனிக்கு வந்தாள், வெயிலுக்கும் வந்தாள். பிள்ளைகளோடு சேற்றில் உட்கார்ந்தாள். ஜமுனா வீட்டில் நண்டுக் குழம்பை விரலை நக்கிச் சாப்பிட்டாள். அண்ணன்களோடு மட்டுமே வளர்ந்த ஜமுனாவுக்கு, வாய்க்கு வாய் 'அக்கா' என்று கூப்பிட ஒருத்தி கிடைத்ததில் உள்ளூரப் பெருமை. அலமாரியின் கலர் படத்தில் கண்ணைக் குத்துகிறது, எதையாவது போட்டு மறைக்கலாமா என்று நிவேதா கேட்டபோது, வீட்டிலிருந்து பாயைக் கொண்டுவந்து ஜமுனாவே கட்டிவிட்டாள்.

அந்தக் கோடையில்தான் சாம் பேசினான். மார்கரெட்டின் மகன். மூன்று வயது முடிந்தும் வாயே திறக்காத பிள்ளை. நண்டு நடை நடக்கும்போது எதிரே வந்தவன் மேல் மோதிக்கொண்டு, "தள்ளு" என்றான். ஜமுனா கரைக்கு ஓடினாள். மார்கரெட் இடுப்பளவு தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துக்கொண்டிருந்தாள். விஷயம் கேட்டதும் கூடையை அப்படியே விட்டுவிட்டு, ஈரப் புடவையோடு அழுதுகொண்டே ஓடிவந்து பிள்ளையை வாரி அணைத்துக்கொண்டாள். நிவேதா எல்லாவற்றையும் படம் எடுத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்ததை ஜமுனா பார்த்தாள்.

ஆவணியில் ஒரு காலை, மார்கரெட் போனைக் கையில் பிடித்தபடி பால்வாடிக்குள் வந்தாள்.

"இது இன்னான்னு பாரு."

எண்ணூரில் வேலை பார்க்கும் அவள் தம்பிக்கு யாரோ அனுப்பிய படம். சோகமான இசை. சேற்றை அளையும் பிள்ளைகள். 'இவர்களுக்கு விளையாட ஒரு பொம்மைகூட இல்லை' என்றது ஒரு பெண் குரல். காலி அறை. பிறகு ஈரப் புடவையோடு மார்கரெட் ஓடிவந்தாள். 'பசியில் பேச்சை இழந்த மகனுக்கு இந்தத் தாயால் கண்ணீரை மட்டுமே தர முடிகிறது. நீங்கள் உதவலாம்.'

"என் புள்ளைக்கு சோறு போடாம ஒரு நாளும் நான் தண்ணியில எறங்குனதில்ல. ஊரே பாக்குது. சொந்தக்காரங்க போன் பண்ணி துக்கம் விசாரிக்கிறாங்க" என்ற மார்கரெட், படத்தை நிறுத்தி அந்த அறையைக் காட்டினாள். "இது உன் வீட்டுப் பாய்தானே?"

மார்கரெட் சாமைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாள் பால்வாடிக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை.

ஜமுனா போன் செய்தபோது நிவேதா எப்போதும்போல, "சொல்லுங்கக்கா" என்றாள்.

"ஏம்மா இப்டி பண்ண?"

"அக்கா, சந்தோஷமா காட்னா யாரும் நின்னு பாக்க மாட்டாங்க. நல்லதுக்குத்தான். ஒரு வண்டி நிறைய பொம்மை வருது, பாருங்க."

ஜமுனா போனை வைத்தாள். வஞ்சகமாகப் பேசியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. குழம்பு நன்றாயிருக்கிறது என்று சொன்ன அதே குரல். அப்படியானால் அன்று கலங்கிய கண்ணும் பொய்யா? அடுப்பு வேலை நடுவிலும் தூக்கத்திலும் அதுவே அவளை அரித்தது.

அந்த வாரமே வண்டி வந்தது. நிவேதாவோடு ஒரு கேமராக்காரரும் இறங்கினார். ஜமுனா பால்வாடிக் கதவை இழுத்துப் பூட்டிவிட்டு அதன் முன்னால் நின்றாள்.

"அக்கா, கோவமா? சாம் வர்ற இடத்த வேணா வெட்டிடச் சொல்றேன்."

அதற்குள் பெண்கள் கூடிவிட்டார்கள். ஏரியிலிருந்து நேராக வந்த மார்கரெட் நிவேதாவுக்கு எதிரே போய் நின்றாள். குரலை உயர்த்தவில்லை.

"என் புள்ள அன்னிக்கி இன்னா சொன்னான்?"

"தள்ளுன்னு சொன்னான்."

"படத்துல அது வருதா?"

நிவேதா தலை குனிந்தாள். "மியூசிக் போட்டதால... அந்த சத்தத்த எடுத்துட்டாங்க."

"மொத மொத பேசுன பேச்சு. அத எடுத்துட்டு, ஊமைன்னு போட்டீங்க."

ஜமுனா வண்டியைக் காட்டி, "பொம்மைய எடுத்துனு போ. இனிமே என்னை அக்கான்னு கூப்டாத" என்றாள். இறக்கிய இரண்டு பெட்டிகளையும் திரும்ப ஏற்றிக்கொண்டு வண்டி திருப்பாலைவனம் ரோட்டைப் பிடித்தது.

படத்தை நீக்கிவிட்டோம் என்று பிறகு நிவேதாவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. அதற்குள் அது எத்தனை போன்களுக்குப் போயிருந்ததோ. ஜமுனா வீடு வீடாகப் போய் நடந்ததைச் சொன்னாள். சிலர் உட்காரச் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள்.

சாம்தான் கடைசி. மார்கரெட் அவனை வாசலில் இறக்கிவிட்டாள். முன்பெல்லாம் உள்ளே வந்து இரண்டு வார்த்தை பேசிச் சிரித்துவிட்டுப் போகிறவள், படியோடு நின்றுகொண்டாள்.

"இவன்தான் வீட்ல இருக்கமாட்டேன்னு ஒரே அழுகை" என்றாள், ஏரிப் பக்கம் பார்த்தபடி. "படம் எடுக்க போனத் தூக்கினு யாராவது வந்தா, எனக்கு ஆள் அனுப்பு."

"அனுப்பறேன்" என்றாள் ஜமுனா.

மார்கரெட் கூடையை எடுத்துக்கொண்டு தண்ணீரை நோக்கி நடந்தாள்.