இரண்டு சின்ன டிரம்

அமெரிக்காவின் மொன்டானாவில் எங்கள் ஊர் வேட்டைக்காரர்கள் சுட்டு முடித்த தோட்டாக் கூடுகளை வீசுவதில்லை. சுத்தம் செய்து மறுபடி வெடிமருந்து நிரப்புவார்கள். வெண்டல் அந்தப் பித்தளைக் கூடுகளைக் கேரேஜில் மக்காச்சோளச் சக்கைத் தூளில் போட்டு உலுக்கிச் சுத்தம் செய்வார். அந்தக் குளிர்காலத்தில் அவர் ரத்தத்தில் ஈயம் ஏறியிருந்தது. கூட்டில் ஒட்டிய ஈயம் உலுக்கும்போது தூசியாகப் பறந்ததுதான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். இனி தண்ணீரில் கழுவும் மெஷின்தான் என்று மனைவி ஜோலீன் முடிவாகச் சொல்லிவிட்டாள்.

ஜோலீனோடு கடைக்குப் போன வெண்டல் நேராகப் பெரிய டிரம் வைத்த மெஷினிடம் போனார்.

"இதுல எல்லாத்தையும் ஒரே தடவையில போட்டுரலாம்."

"போட்டுரலாம். தூக்குறது யாரு? தண்ணி, கூடு, அழுக்கைத் தேய்க்கிற எஃகு ஊசி எல்லாம் சேர்ந்தா கல்லு மாதிரி கனக்கும்" என்றாள் ஜோலீன்.

"கன்னுக்குட்டியையே தூக்குனவன் நான்."

"அது தோள்பட்டை ஆபரேஷனுக்கு முன்னாடி."

கடைக்காரர் கர்ட் டிரம்மில் தண்ணீர் பிடித்து, கூடுகளையும் ஊசிகளையும் கொட்டி முன்னால் வைத்தார். முழங்கால் உயரம் வரை தூக்கியதும் வெண்டலின் முகம் வெளுத்தது. மெல்லக் கீழே வைத்தார். ஜோலீன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஒரே மோட்டாரில் இரண்டு சின்ன டிரம் சுழலும் மெஷின் இருந்தது. வெண்டல் அதையே சற்று நேரம் பார்த்தார்.

"ஒண்ண நீ தூக்குவியா?"

"மான் வேட்டைக்கு நானும்தானே வர்றேன். என் தோட்டாவும் அதுலதானே இருக்கு."

அதையே வாங்கினார்கள். வசந்தத்தில் ஈயம் குறைந்தது. தோள் மட்டும் சரியாகவில்லை. கழுவும் நாளில் ஆளுக்கொரு டிரம்மைத் தூக்கிக்கொண்டு இருவரும் கேரேஜிலிருந்து வெளியே வருவார்கள்.