மருந்து நிற்காத கை

வைரஸுக்கும் ஒரு கை உண்டு. அதன் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் புரதத்தில் உள்ளங்கை, கட்டைவிரல், விரல்கள் என்றே ஆய்வகத்தில் நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம். விரல்கள் மடங்கினால் டி.என்.ஏ.வில் ஓர் எழுத்து கூடும். திறந்து மடங்கினால் அடுத்தது. மருந்து அந்தக் கைக்குள் புகுந்து, மடங்கிய விரல்களைத் திறக்கவிடாமல் பூட்ட வேண்டும். என் தம்பியின் உடம்பில் அது பூட்டவில்லை.

அவன் பைக் மெக்கானிக். போன வருடம் என் கிட்னி ஒன்றை அவனுக்குக் கொடுத்தேன். உடம்பு அதை ஒதுக்கித் தள்ளாமலிருக்க அவன் விழுங்கும் மாத்திரைகள் எதிர்ப்புச் சக்தியையும் அடக்கிவிட, ஹெர்பிஸ் குடும்பத்து வைரஸ் ஒன்று கண்ணுக்குள் ஏறிவிட்டது. அதுவும் என் கிட்னியோடு போயிருக்கலாம் என்றார்கள். கொடுத்ததுதான் கொடுத்தேன், அந்தச் சனியனையும் சேர்த்தா கொடுக்க வேண்டும்? இடது கண் போய்விட்டது. வலது கண்தான் மிச்சம்.

அவனுடைய வைரஸில் எது மாறியிருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்தது. ஆய்வகத்தில் அதே மாற்றத்தோடு புரதத்தைச் செய்து, உறையவைத்து, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் படமெடுத்தோம். மாறியிருந்தது ஒரே ஒரு அமினோ அமிலம். அதுவும் மருந்து உட்காரும் இடத்தில்கூட இல்லை, விரலின் அடிமூட்டில். அதனால் விரல்கள் சட்டென்று திறந்துகொள்கின்றன, மருந்து நழுவிவிடுகிறது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். படத்தைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு, "மருந்து ஏன் நிக்கலன்னு தெரிஞ்சுபோச்சுடா" என்று போனில் கத்தினேன்.

அடுத்த வாரம் கண் டாக்டர் கூப்பிட்டார்.

"இன்னொரு மருந்து இருக்கு, இந்த வைரஸ் அதுக்குக் கட்டுப்படும். கிட்னிக்கு ஆகாதுதான், ஆனா வேற வழியில்ல. உங்க தம்பி வேணாங்கிறார். அக்கா கண்டுபிடிச்சுட்டாங்க, ரெண்டு மூணு வாரம் பொறுங்கன்னு எனக்கே சொல்றார். நிஜமாவா மேடம்?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

வார்டில் அவன் கட்டிலில் உட்கார்ந்து, போனை வலது கண்ணோடு ஒட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூணு வாரம்னு உனக்கு யாருடா சொன்னது?"

"யாராவது சொல்லணுமா? கோளாறு எங்கன்னு தெரிஞ்சுட்டா அப்புறம் என்னக்கா வேலை? எங்க கடையில அரை நாள்ல வண்டிய வெளிய விட்டுருவோம். நீ படிச்சவளாச்சே, மூணு வாரம் கூடவா ஆகும்?"

"இது வண்டி இல்லடா மடையா."

எரிச்சல் அவன்மேல் இல்லை. அந்த விரலுக்குப் பொருந்தும் மூலக்கூறை முதலில் யாராவது செய்ய வேண்டும், எலிக்குக் கொடுத்துப் பார்க்க வேண்டும், பிறகு மனிதர்களுக்கு. முக்கால்வாசி மருந்துகள் பாதி வழியிலேயே படுத்துவிடும் என்று சொன்னேன். "பத்து வருஷம் ஆகும். அதுவும் எல்லாம் நல்லபடியா போனா."

அவன் போனைக் கீழே வைத்தான். "அப்போ அந்தப் படம்?"

"வெறும் படம்தான். இன்னிக்கே அந்த இன்னொரு மருந்தைப் போட்டுக்கோ."

"கிட்னி போயிடுச்சுன்னா? மறுபடி குடுக்க உன்கிட்ட ஒண்ணுதானே இருக்கு."

"போனா போகட்டும். உனக்குன்னுதான் குடுத்தேன், பத்திரமா வெச்சுப் பூஜை பண்ண இல்ல."

சரி என்று தலையாட்டினான். டாக்டர் வந்து விளக்கடித்துப் பார்த்தார். அவன் காத்திருந்த இந்த ஒரு வாரத்தில் வைரஸ் நடுப்பார்வைக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டதாம். போனது திரும்பாது, இருப்பதை நிறுத்திவைக்க முடியுமா பார்க்கலாம் என்றார். எனக்கு அந்தச் சுவரில் முட்டிக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

நர்ஸ் ஊசியைச் செருகும்போது தம்பி கேட்டான்.

"அந்தப் படம் யாருக்குக்கா உதவும்?"

"உனக்கப்புறம் இந்த வியாதி வர்றவங்களுக்கு."

"அவங்கள கொஞ்சம் மெதுவா வரச் சொல்லு" என்றான்.

சிரிக்க வைக்கத்தான் சொன்னான். என்னால் முடியவில்லை. மருந்து சொட்டத் தொடங்கியது. அது அவன் கண்ணைக் காக்குமா, நான் கொடுத்த கிட்னியைத் தின்னுமா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதைத் தவிர எனக்கு வேறொன்றும் செய்யத் தெரியவில்லை.