நான்காவது, குரோகி

கார்பன் தாளில் நான்கு பிரதியும் தெளிவாக விழவேண்டும் என்பதால் குரோகி பேனாவை எப்போதும் அழுத்திப் பிடித்துத்தான் எழுதுவான். ஒன்று நடுவருக்கு, ஒன்று எதிரணிக்கு, ஒன்று அறிவிப்பாளருக்கு, ஒன்று தங்களுக்கு. காகித ஆலையின் பேஸ்பால் அணியில் உருப்படியான கையெழுத்து அவன் ஒருவனுக்குத்தான்; அதற்காகத்தான் அவனைக் கேப்டன் ஆக்கினார்கள் என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். பயிற்சியாளர் ஹிகாசா யார் எத்தனையாவதாக மட்டை பிடிக்கவேண்டும் என்று ஒரு துண்டுத்தாளில் கோழிக்கிறுக்கலாகக் குறித்துத் தருவார். கூடவே வெற்றுப் படிவத்தின் அடியில் தன் கையெழுத்தையும் போட்டுத் தந்துவிடுவார். மீதி குரோகியின் வேலை. எட்டு வருடமாக இதுதான் நடைமுறை. அன்றும் அரங்கத்தின் பின்புறம், குளிர்பான இயந்திரத்துக்குப் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, முழங்காலில் அட்டையை வைத்து ஒன்பது பெயர்களையும் எழுதி முடித்தான். எழுதும்போது அவன் மனம் தாளில் இல்லை.

ஷிஹோ வருகிறாள். அதுதான் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. சூப்பர் மார்க்கெட்டில் பொரித்த பதார்த்தங்கள் விற்கும் இடத்தில் வேலை பார்ப்பவளுக்குச் சனி ஞாயிறில் விடுப்புக் கிடைப்பது குதிரைக்கொம்பு. இந்தப் பருவம் தொடங்கி ஒரு ஆட்டத்துக்கும் அவளால் வரமுடியவில்லை. இன்று ஜெயித்தால் டோக்கியோவில் நடக்கும் பெரிய போட்டிக்குப் போகலாம், தோற்றால் இந்த வருடம் இதோடு சரி என்றதும் மேற்பார்வையாளரிடம் சண்டை போட்டு லீவு வாங்கிவிட்டாள். காலையில் சோற்று உருண்டைகளுக்கு நடுவே ஊறுகாய்ப் பழத்தை அமுக்கிக்கொண்டே, "நானும் துண்டைத் தலைக்கு மேல சுத்தப்போறேன், வெக்கப்படக் கூடாது" என்று சிரித்தாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அதற்குள் அவள் டப்பாவை மூடித் துணியால் கட்டிவிட்டாள்.

சொல்லவேண்டியது பெரிய விஷயமா என்றால், வெளியூர்க்காரனுக்கு ஒன்றுமே இல்லை. அவன் இப்போது நான்காவதாக மட்டை பிடிப்பதில்லை, ஏழாவதாகப் பிடிக்கிறான். அவ்வளவுதான். ஆனால் அந்த ஊரில் நான்காம் இடம் என்பது ஒரு பட்டம். முன்னால் நிற்கும் மூவர் பேஸ்களில் ஏறி நிற்க, அடித்து அவர்களை ஓட்டமாக மாற்ற வருகிறவன் நான்காமவன். ஆலை வாசல் காவல்காரரும், முடிதிருத்துபவரும், தோஃபு கடைக்காரரும் குரோகியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டே பல வருடமாகிவிட்டது. "என்ன நாலு, உடம்பு எப்படி?" என்பார்கள். தொலைபேசியில் கூட அவன் சிலரிடம், "நாலு பேசறேன்" என்று சொல்லியிருக்கிறான். சொன்ன பிறகு காது சிவக்கும். ஆனாலும் உள்ளே இனிக்கும்.

ஏப்ரலில் ஹிகாசா அவனைக் கூப்பிட்டார். பத்து முறை நின்றால் இரண்டு முறை கூட அடி விழாத காலம் அது.

"முதுகு வலிக்குதா?"

"இல்ல சார்."

"கண்ணு மங்குதா?"

"இல்ல சார்."

"அப்ப உனக்கு வலிக்கிறது அந்த நாலுதான்யா. கொஞ்ச நாள் ஏழாவதா நில்லு."

நின்றான். அடி விழத் தொடங்கியது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. நான்காவதாக நிற்கிறவனுக்கு எந்த வீச்சாளனும் நல்ல பந்து தரமாட்டான். ஓரமாய், தாழ்வாய், நழுவ நழுவப் போடுவான். மேளங்கள் அதிரும், ஆலைக்காரர்கள் மொத்தப் பேரும் எழுந்து நிற்பார்கள், கைக்குள் மட்டை உலக்கையாய்க் கனக்கும். ஏழாமவன் வரும்போது வீச்சாளன் மூச்சு விட்டுக்கொள்வான். மேளக்காரர்கள் தண்ணீர் குடிப்பார்கள். முதல் பந்தே நேராக நடுவில் வரும். அதை அடிக்க மூளை தேவையில்லை. பத்துக்கு நான்கு என்று ஏறிவிட்டது கணக்கு. "இன்னிக்கு எப்படி?" என்று ஷிஹோ கேட்கும்போது "ரெண்டு அடிச்சேன்" என்பான். பொய் ஒன்றுமில்லை. எங்கே நின்று அடித்தேன் என்பதை மட்டும் விழுங்கிவிடுவான். இரண்டு மாதம் விழுங்கியாயிற்று. முப்பத்து மூன்று வயதில் ஒரு எண்ணுக்காக இப்படி அற்பமாய் இருக்கிறோமே என்று தன்மீதே அவனுக்கு எரிச்சல் வரும். எரிச்சல் வந்து என்ன, வாய் திறக்கவில்லை.

அவன் இடத்தில் நான்காவதாகப் போட்டது முராஜியை. இருபத்து மூன்று வயது, காளை மாதிரி உடம்பு. நான்காவதாக நிற்கத் தொடங்கியதிலிருந்து அந்தக் காளை தீவனம் தொடுவதில்லை. ஆட்டத்துக்கு முன் கழிவறையில் வாந்தி எடுக்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்கும். "அண்ணே, நீங்க எப்படிண்ணே எட்டு வருஷம் தாங்கினீங்க?" என்று ஒருநாள் கேட்டான். "பழகிடும்டா" என்றான் குரோகி. பழகவே இல்லை என்பதை அவனிடமும் சொல்லவில்லை.

அலுவலக அறையில் எதிரணிக் கேப்டன் காத்திருந்தான். மின்சாதனக் கம்பெனி அணி. ஒட்டடைக்குச்சி மாதிரி உயரமானவன். நடுவர் படிவங்களை மேசையில் வைக்கச் சொன்னார். குரோகி தன் தாளை நீட்டும்போதுதான் பார்த்தான்.

நான்காம் வரியில் குரோகி. ஏழாம் வரியில் முராஜி.

கை தானாக எழுதியிருக்கிறது. எட்டு வருடம் அந்த வரியில் அந்தப் பெயரை எழுதிய கை. இத்தனைக்கும் கடந்த இரண்டு மாதமும் சரியாகத்தான் எழுதியிருந்தான். தாள் இன்னும் அவன் விரலில்தான் இருந்தது. 'மன்னிக்கணும், தப்பா எழுதிட்டேன்' என்று சொல்ல ஒரு மூச்சு போதும். நடுவர் ஒரு புதுப் படிவம் கொடுப்பார், ஒட்டடைக்குச்சி சிரிப்பான், அவ்வளவுதான். அந்த ஒரு மூச்சு நேரத்தில் குரோகிக்குத் துண்டைச் சுழற்றும் ஷிஹோ தெரிந்தாள். ஒலிபெருக்கியில் ஏழாவதாகத் தன் பெயர் வரும்போது அந்தத் துண்டு அப்படியே தணிவதும் தெரிந்தது.

விரலை எடுத்துவிட்டான். தாள்கள் கைமாறின. மாறிய பிறகு ஆண்டவனே வந்தாலும் வரிசையைத் திருத்த முடியாது. யார் முதலில் மட்டை பிடிப்பது என்று முடிவு செய்ய இருவரும் கல்-கத்திரி-காகிதம் போட்டார்கள். குரோகி காகிதம் காட்டினான், ஜெயித்தான், ஒவ்வொரு சுற்றிலும் எதிரணிக்குப் பிறகு மட்டை பிடிப்பதைத் தேர்ந்தெடுத்தான்.

"நான்காவது, முதல் பேஸ், குரோகி."

அறிவிப்பாளர் பெண்ணின் குரல் அரங்கத்தில் ஏறி இறங்கியது. ஆலைக்காரர்கள் பகுதியிலிருந்து ஆரவாரம். பெஞ்சில் எல்லோரும் குரோகியைப் பார்த்தார்கள். ஹிகாசா மெதுவாகத் திரும்பினார்.

"கை தவறா?"

"ஆமா சார். மன்னிச்சுடுங்க." தொப்பியைக் கழற்றித் தலை குனிந்தான். அவர் தன் துண்டுத்தாளை அவனிடமிருந்து வாங்கிக் கசக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

முராஜி பக்கத்தில் வந்து தோளை இடித்தான். அவன் கண் கலங்கியிருந்தது. "எனக்காகத்தானே பண்ணீங்க? சார்கிட்ட நான் மூச்சு விடமாட்டேன். தேங்க்ஸ்ண்ணே." குரோகிக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. இல்லை என்று சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டான்.

ஏழாவதாக இறங்கிய முராஜி, கட்டு அவிழ்த்துவிட்டதுபோல அடித்தான். இரண்டாம் சுற்றில் ஒரு அடி, ஒரு ஓட்டம். நான்காம் சுற்றில் வேலிவரை இன்னொன்று, இன்னொரு ஓட்டம். சிரித்துக்கொண்டே ஓடினான். அந்தப் பையன் சிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. குரோகியோ முதலில் உயரே தூக்கி அடித்துப் பிடிகொடுத்தான். அடுத்த முறை ஓரத்தில் நழுவிய பந்துக்கு மட்டையை வீசி வெறுங்காற்றை வெட்டினான். ஒவ்வொரு முறையும் மேளம், ஒவ்வொரு முறையும் அவனுக்கென்றே கட்டிய அந்தத் தாளம், அவன் திரும்பி நடக்கும்போது பாதியில் அறுந்து போகும் அந்த ஓசை.

ஐந்தாம் சுற்று முடிந்து தரையைச் சமன் செய்யும் இடைவெளியில், பெஞ்சுக்கு மேலே இருந்த கம்பித் தடுப்புவரை ஷிஹோ இறங்கி வந்துவிட்டாள். கழுத்தில் ஆலையின் துண்டு. முகம் வெயிலில் சிவந்திருந்தது.

"ஏங்க, நீங்க ஏழாவதுதானே? என்ன நாலாவதா கூப்பிடறாங்க?"

"ஏழாவதுன்னு யார் சொன்னது?"

"வாட்ச்மேன் பொண்டாட்டி. பொரிச்ச மீன் வாங்க என் கடைக்குத்தானே வரணும் அவ? ஏப்ரல்லயே சொல்லிட்டா."

"நீ ஒண்ணுமே கேக்கலையே."

"நீங்களா சொல்லுவீங்கன்னு இருந்தேன். அப்புறம் பாத்தா, ஏழாவதா நின்ன நாளெல்லாம் ரெண்டு கிண்ணம் சோறு சாப்பிட்டீங்க. வாய்விட்டுச் சிரிக்கக்கூட செஞ்சீங்க. சரி, மனுஷன் நல்லா இருக்கார்னு விட்டுட்டேன்." அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்தாள். "திரும்ப நாலாவதா போட்டுட்டாரா உங்க சாரு? ஏன் போட்டாரு, பாவி மனுஷன்?"

நடுவர் கையைத் தூக்கினார். அவன் தன் காவலிடமான முதல் பேஸுக்கு ஓடினான். யாருக்காக விரலை எடுத்தோம் என்று நினைத்திருந்தானோ, அவளுக்கு அது தேவையே இல்லை. அப்படியானால் யாருக்காக? வெட்கம் காதுமடல்வரை சுட்டது. ஆறாம் சுற்றில் மூன்றாவது முறையும் தோற்றுத் திரும்பினான்; அப்போது மூன்றாம் பேஸில் ஒருவன் ஓட ஆயத்தமாய் நின்றிருந்தான். எதிரணி மூன்று, இவர்கள் இரண்டு.

ஒன்பதாம் சுற்று, கடைசி வாய்ப்பு. தன் முறை வருவதற்குள் அந்தச் சுற்று முடிந்துவிட்டால் தேவலை என்று நினைக்கும் அளவுக்குக் குரோகி போய்விட்டான். ஆனால் ஆட்டம் இரண்டாமவனிலிருந்து தொடங்கியது. அவன் அடித்து முதல் பேஸ் ஏறினான். மூன்றாமவன் நான்கு மோசமான பந்துகளை அடிக்காமல் விட்டு நடந்தே பேஸுக்குப் போனான். ஒருவரும் அவுட் இல்லை. முதல் பேஸிலும் இரண்டாம் பேஸிலும் ஆள். அடுத்து குரோகி.

ஹிகாசா நடுவரிடம் நேரம் கேட்டு, கையை அசைத்து அவனைக் கூப்பிட்டார். அவர் வாயைத் திறப்பதற்குள் குரோகி முந்திக்கொண்டான்.

"சார், அந்தப் படிவம். கை தவறித்தான் எழுதினேன். ஆனா குடுக்கறதுக்கு முன்னாடி பாத்துட்டேன். பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

ஹிகாசாவின் தாடை இறுகியது. "இதை இப்பதான் சொல்லணுமா?"

"இப்ப சொல்லலேன்னா எப்பவும் சொல்லமாட்டேன் சார்."

அவர் அவனைத் தாண்டி, பேஸ்களில் நிற்கும் இருவரையும் பார்த்தார். பிறகு பெஞ்சில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த முராஜியை. "அந்தப் பையன் உன்னைச் சாமின்னு நெனைச்சுக்கிட்டிருக்கான்யா" என்றார். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "போ. போய் நில்லு. என் கையைப் பாரு."

கட்டத்துக்குள் போய் நின்று திரும்பிப் பார்த்தான். ஹிகாசாவின் விரல் தொப்பி நுனியைத் தொட்டது, மார்பைத் தொட்டது, இடுப்புப் பட்டையில் போய் நின்றது.

தட்டி வை.

மட்டையை வீசாதே, குறுக்கே பிடித்துப் பந்தைக் காலடியில் சாகவிடு, நீ அவுட்டாகி முன்னால் நிற்பவர்களை ஒரு பேஸ் நகர்த்து. ஏழாமவனுக்கு அது அன்றாட வேலை. இந்த இரண்டு மாதத்தில் ஐந்து முறை செய்திருக்கிறான், ஐந்தும் பிசகவில்லை. நான்காமவனுக்கு அந்தச் சைகை வந்ததே இல்லை. எட்டு வருடத்தில் ஒரு தடவை கூட.

மேலே அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள். பெரிய மேளம் முதலில், பின்னால் சின்ன மேளங்கள், பிறகு தொண்டைகள். நா-லு, நா-லு என்று அவன் தாளம். முதல் பேஸுக்குப் பின்னால், மூன்றாம் வரிசையில், ஒரே ஒருத்தி மட்டும் துண்டைச் சுழற்றாமல் இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டிருந்தாள்.

வீச்சாளன் தோளுக்கு மேலாக இரண்டாம் பேஸைப் பார்த்தான், திரும்பினான், காலைத் தூக்கினான்.

குரோகியின் வலது கை பிடியை விட்டு மட்டையின் மேல்நோக்கி வழுக்கிக்கொண்டு ஏறியது. பெரிய மேளக்காரன் அதைப் பார்த்துவிட்டான், அடித்த குச்சி அந்தரத்தில் நின்றது. அவனைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவன் நிறுத்தினான், அவனுக்கு அடுத்தவனும். பார்க்காத ஒரு சின்ன மேளம் மட்டும் எங்கோ மேல்வரிசையில் தனியாக அடித்துக்கொண்டே இருந்தது. மட்டை இப்போது அவன் மார்புக்கு முன்னால் குறுக்காக, எடையே இல்லாமல் இருந்தது. அதை நோக்கிப் பந்து வந்துகொண்டிருந்தது.