மாடியில் செய்த பல்லி

பூமாரி தன் தொழிலுக்கு ‘சிரிப்புப் பார்சல்’ என்று பெயர் வைத்தபோது முதலில் சிரித்தவன் புருஷன் இசக்கிதுரைதான். அவள் சட்டை செய்யவில்லை. மொபைல் கம்பெனியில் லைன் வேலை பார்த்துக்கொண்டு வடக்குப்பட்டு ஹாஸ்டலில் இருந்த காலத்தில், திறந்தால் கழுதையாகக் கத்தும் பெட்டி ஒன்றைச் செய்து, வேலையை விட்டுப் போகும் சூப்பர்வைசருக்குப் பரிசாகக் கொடுத்தவள் அவள். சாப்பாட்டு மேஜையில் அதைத் திறந்த மனுஷன் சாம்பாரைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். மறுநாளே பக்கத்து லைன்காரர்கள் எங்களுக்கும் ஒன்று என்று வந்து நின்றார்கள். அதில் பிடித்த தொழில்தான், இன்றைக்கு ரப்பர் முறுக்கு, பேசும் தேங்காய் என்று தபாலில் அஸ்ஸாம் வரைக்கும் போகிறது. ஊரை ஏமாற்றிப் பிழைக்கிறாயா என்று சொந்தக்காரர்கள் கேட்டால், ஆமாம், பில் போட்டு ஏமாற்றுகிறேன் என்பாள். அந்தத் திமிர் அவளுக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

வீடுதான் நிலைக்கவில்லை. சேரப்பணஞ்சேரியில், வீட்டுக்காரர் பூஜையில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து மாடியில் கழுதைப் பெட்டிகள் எல்லாம் ஒன்றாகக் கத்தித் தொலைத்தன. அன்றைக்கே காலி பண்ணச் சொல்லிவிட்டார். அலைந்து திரிந்து, ஸ்ரீபெரும்புதூரில் கோயில் கைங்கரியம் பண்ணும் திருநாராயணன் வீட்டு மாடியைப் பிடித்தார்கள். சத்தம் கூடாது என்பது ஒன்றே நிபந்தனை. சரி என்று பூமாரி சத்தமே போடாத சாமான் ஒன்றைச் செய்தாள். ரப்பர் பல்லி. மேலே ஒட்டிவிட்டால் பசை மெல்ல இளகித் தானாக விழும். விழுந்ததும் வால் துடிக்கும்.

எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்க்க, ஒன்றை மாடிக் கதவின் நிலையில் ஒட்டியவள் வேலை மும்முரத்தில் மறந்துபோனாள். துணி உலர்த்த வந்த வீட்டுக்கார மாமி குமுதவல்லியின் உச்சந்தலையில் அது விழுந்தது.

தட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓடினாள் மாமி. தலைக்குக் குளித்து, மாமாவைக் கிளப்பிக்கொண்டு தோஷம் கழியக் காஞ்சிபுரம் போய்த் தங்கப் பல்லியைத் தொட்டுவிட்டு வந்தும் மனசு ஆறவில்லை. உச்சியில் விழுந்தால் வீட்டில் ஒரு உயிருக்கே ஆபத்தாம். மகன் ரங்கநாத் புதிதாகக் கிடைத்த புனே வேலைக்குப் போகவே கூடாது என்று உட்கார்ந்துவிட்டாள். ரொம்ப நாள் வேலையில்லாமல் அலைந்த பையன், கட்டிய பெட்டியைப் பார்த்துக்கொண்டு முகம் செத்துக் கிடந்தான்.

படியில் கிடந்த பல்லியைப் பார்த்ததுமே பூமாரிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தீபாவளி ஆர்டர் கூரை முட்டக் கிடக்கிறது, இப்போது சொன்னால் நடுத்தெருதான், வாயைத் திறக்காதே என்றான் இசக்கிதுரை. அவன் சொன்னதும் நியாயம்தான். ஆனால் தான் செய்த சாமான் ஒருவன் பிழைப்பைக் கெடுப்பதை அவளால் பொறுக்க முடியவில்லை. கீழே இறங்கிப் போய் நீட்டினாள்.

“மாமி, ஒங்க தலையில விழுந்தது இதுதான். நான் செஞ்சது. வீட்டக் காலி பண்ணிருதோம்.”

மாமி அதை வாங்கித் திருப்பினாள். பல்லியின் தொண்டை மடிப்பைத் தடவினாள். தரையில் போட்டாள், வால் துடித்தது.

“இத்தனை வயசுக்கு எத்தனை பல்லியைப் பார்த்திருப்பேன். என்னையே காஞ்சிபுரம் வரைக்கும் ஓட வச்சுட்டியேடி.”

காலி பண்ணும் பேச்சைக் கையசைத்துத் தள்ளிவிட்டாள். ரங்கநாத்தைக் கூப்பிட்டு ரயிலுக்குக் கிளம்பச் சொன்னாள். அப்புறம் அவன் பார்க்காத நேரம், அவனுக்குத் தின்னக் கட்டிவைத்த தட்டை டப்பாவைத் திறந்து, பல்லியை உள்ளே வைத்து மூடினாள்.

புனேயிலிருந்து போன் வந்தபோது பூமாரி அங்கேதான் நின்றிருந்தாள். அவன் போட்ட அலறல் அவளுக்கே கேட்டது. மாமி நிதானமாகச் சொன்னாள்:

“கத்தாதேடா. அது நம்மாத்து மாடியில பண்றது.”